வீட்டைப் பார்க்குமுன் குளத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை எமக்குக் கிடைத்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டையும் அதன் அயலையும் பற்றியவை. வவுனியா நகரத்தைச் சுற்றியும், கிளிநொச்சியில் ஏ9 வீதியின் இரு புறமும் குடிமனைகள் நெருங்கிவரும் காலம் இது. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போக நினைப்பவர்களும், திட்ட வீட்டுக்கு ஓர் அறை சேர்க்க நினைப்பவர்களும், வாங்கிய பின்னர் தவிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: நானும் மனைவியும் அரச ஊழியர்கள். எழுபது வயதான என் தாயாரும் மூன்று வயது மகளும் எங்களுடன் இருக்கிறார்கள். சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஒரு வீடு வாங்க முனைகிறோம். இப்போது குடியிருக்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு பரப்புக் காணியில் மூன்று அறைகள் கொண்ட பழைய வீடு ஒன்று விலைக்கு வந்துள்ளது. நகரத்திலிருந்து ஏழு கிலோமீற்றர் தள்ளி, ஒரு சிறிய குளத்துக்கு அருகில், அரை ஏக்கர் வளவுடன் புதிய வீடு ஒன்றும் உள்ளது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். மனம் அரை ஏக்கரிலேயே நிற்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், வைரவபுளியங்குளம்

பதில்: மனம் அரை ஏக்கரில் நிற்பதன் காரணம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது. வேலியோரத்து முருங்கை, கிணற்றடி வாழை, முற்றத்து வேம்பு, பின்வளவில் நாலு தென்னை என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டுத் தறப்பாள் கொட்டிலில் காலம் கழித்த தலைமுறைக்கு, காலை நீட்டிப் படுக்கவும் ஒரு மாங்கன்று வைக்கவும் சொந்த மண் வேண்டும் என்ற ஏக்கம் இலகுவில் அடங்காது. அரை ஏக்கர், அதாவது எட்டுப் பரப்பு, வளவைப் பார்த்துவிட்டு ஒரு பரப்புக் காணியைப் பார்த்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். ஆயினும், அந்த எட்டுப் பரப்பும் ஒரு பரப்பிலுள்ள அந்தப் பழைய வீட்டின் விலைக்கே கிடைப்பதற்குத் தூரம் மட்டும்தான் காரணமா, அல்லது நீங்கள் ஒரு சொல்லில் கடந்துபோன அந்தச் சிறிய குளமும் ஒரு காரணமா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

வவுனியாவின் அயல்களின் பெயர்களை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், நெளுக்குளம், கோவில்குளம், இறம்பைக்குளம், தாண்டிக்குளம், வேப்பங்குளம், உக்குளாங்குளம். நகரமே பழைய பதிவுகளில் வவுனியன் விளாங்குளம் என்றுதான் எழுதப்பட்டது. குளத்தைக் கட்டி, அதன் கீழே வயலைத் திருத்தி, வயலுக்கும் காட்டுக்கும் இடையில் மேட்டைப் பார்த்து வீடு கட்டிய ஊர்கள் இவை. வீட்டுக்கு மேடு, நெல்லுக்குப் பள்ளம், நீருக்கு அதனிலும் தாழ்ந்த வழி என்ற ஒழுங்கை எங்கள் முன்னோர் எழுதி வைக்கவில்லை. ஆனால் எவரும் அதை மீறவுமில்லை. நகரம் பெருத்தபோது மேட்டு நிலம் முடிந்துவிட்டது. இப்போது துண்டு துண்டாக விற்பனைக்கு வருவனவற்றில் ஒரு பகுதி பழைய வயல். வேறொரு பகுதி, அதைவிட மோசமாக, குளத்தின் அலைகரை.

குளத்தோடு பழகாதவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். கோடையில் நீர் ஒடுங்கிக் கிடக்கும்போது தெரியும் குளம் முழுக் குளமன்று. மாரியில் நீர் ஏறி நிற்கும் விளிம்பு வரையும் குளந்தான். அந்த மேல்விளிம்பைத்தான் அலைகரை என்கிறோம். ஆவணி மாதத்தில் காணி பார்க்கப் போகிறவருக்கு அது புல் முளைத்த அழகான சமதரையாகத் தெரியும். மறுபுறத்தில் அணைக்கட்டு, அதில் வயலுக்கு நீர் விடுகின்ற துருசு, நிறைந்த நீர் வழிந்து போவதற்கான வான். வான் பாயும் நீர் வெறுமனே ஓடி மறைவதில்லை. அடுத்த குளத்தில் போய் விழுகிறது, அங்கிருந்து அதற்கடுத்த குளத்துக்கு. ஆகவே உங்கள் வளவுக்கு அருகிலுள்ள குளத்தை மட்டும் பார்ப்பது போதாது. அதற்கு மேலே எத்தனை குளங்கள் இருக்கின்றன, அவற்றின் வான் நீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்ததை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். பெரிய குளத்துக்கு நிகழ்வது சிறிய குளத்துக்கும் அதன் அளவில் நிகழும்.

எனவே, முற்பணம் கொடுக்குமுன் இரண்டு தடவை அந்த வளவுக்குப் போங்கள். ஒருமுறை தரகர் இல்லாமல். வடகீழ்ப் பருவமழை பலத்துப் பெய்த மறுநாள் போக முடிந்தால் அதனிலும் நல்ல சோதனை இல்லை. மழை இல்லாத காலமாயின், சுவரின் அடிப்பகுதியில் புதிய தீந்தை மட்டும் தனியாகப் பூசப்பட்டிருக்கிறதா, மரக் கதவுகளின் கீழ்முனை உப்பி உரிந்திருக்கிறதா, அயல் வீடுகளின் மதில்களில் ஒரே உயரத்தில் கறைக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். வளவுக்குள் கோரையும் நாணலும் தழைத்திருந்தால், அங்கே நீர் அடிக்கடி தேங்குகிறது என்று பொருள். புதிய வீடு என்பதனால் சுவர் எதையும் சொல்லாமல் இருக்கலாம், அப்போது அந்தக் குளத்தின் கீழ் வயல் செய்கின்ற வயதான கமக்காரர் ஒருவரைத் தேடிப் போய், "ஐயா, மாரியில் தண்ணீர் எது வரை வரும்?" என்று கேளுங்கள். விற்பவரிடமும் தரகரிடமும் கிடைக்காத விடை அவரிடம் கிடைக்கும்.

கண்ணால் பார்த்தது போதாது. ஏட்டிலும் பார்க்க வேண்டும். 80 ஹெக்டெயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில், குறிப்பிட்ட காணி, குளத்துக்கென்று ஒதுக்கிய நிலமான குள ஒதுக்குக்குள் வருகிறதா, வயற்காணியாகப் பதியப்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை மண் போட்டு நிரப்ப முடியாது. அனுமதியின்றி நிரப்பிய காணியை வாங்குபவர், விற்றவரின் தவறையும் சேர்த்து வாங்குகிறார். குள ஒதுக்கு அரச நிலம்; அதன் மீது எழுதப்பட்ட உறுதி எத்தனை கைகள் மாறியிருந்தாலும், எத்தனை முத்திரைகள் குத்தப்பட்டிருந்தாலும், அது உறுதியான உறுதி ஆகாது.

இவையெல்லாம் தெளிவாகிவிட்டன, வீடு மேட்டில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், உங்கள் வீட்டில் உள்ளவர்களை நினைத்துப் பார்க்கும்போது, நான் பழைய வீட்டின் பக்கமே நிற்கிறேன். நீங்களும் மனைவியும் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் அந்த வளவில் இருக்கப் போகிறவர் உங்கள் தாயார். எழுபது வயதில் அவருக்கு வேண்டியவை: மருந்துக் குறிப்புடன் போய்வரக்கூடிய தூரத்தில் கிளினிக், விளக்கு வைக்கும் நேரத்தில் நடந்து போகக்கூடிய கோவில், வேலிக்கு மேலால் பேச ஒரு முகம். 2018 முதல் எமது மாகாணத்திலும் இயங்கும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை பெரும் ஆறுதல்தான். ஆனால் அதை அழைப்பதற்கு அருகில் ஒருவர் இருக்க வேண்டும், வண்டி ஒழுங்கைக்குள் திரும்பவும் வேண்டும். பெரிய வளவில் தனித்திருக்கும் முதியவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். வளவு பெருக்குவதே அவர்களின் நாளாகிப் போகிறது.

மகளைப் பொறுத்தவரை, தரம் ஒன்று அனுமதியில் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போர் என்ற பிரிவுக்கே அதிக இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பிரிவில், விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர்கள் இருப்பதற்குப் புள்ளிகள் உண்டு. வதிவிடத்துக்கான ஆவணங்களுக்குத் தனியாகவும் புள்ளிகள் உண்டு. விண்ணப்பிக்கும் பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்டிய வேறு பாடசாலைகள் இருந்தால் புள்ளிகள் குறையும். உங்கள் மகளுக்கு மூன்று வயது. அதாவது அந்த ஐந்து ஆண்டுகளில் பாதிக்கு மேல் ஏற்கனவே ஓடிவிட்டது. இருவருடைய பெயர்களும் இன்றைய முகவரியில் இடாப்பில் இருக்கின்றனவா என்று இந்த வாரமே கிராம அலுவலரிடம் பாருங்கள்; கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் அறிவுறுத்தலையும் வரி விடாமல் வாசியுங்கள். நகரத்துப் பெயர் பெற்ற பாடசாலைதான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் இருபது பிள்ளைகள் இருக்கின்ற அயற்பாடசாலையில் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையின் கையெழுத்தும் தெரியும். அது சிறிய பேறன்று. ஆனால் தீர்மானத்தைத் தெரிந்து எடுக்க வேண்டும். வீடு வாங்கிய பின்னர் தற்செயலாக வந்து சேர்வதாக அது இருக்கக்கூடாது.

பழைய வீட்டிலும் பார்க்க வேண்டியவை உண்டு. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச், ஏறக்குறைய 2,720 சதுர அடி. அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடக் குழி மூன்றும் அடங்கியிருக்கும். உங்கள் குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரத்தை மட்டுமன்றி, நான்கு பக்க அயலவர்களின் குழிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அளந்து பாருங்கள். ஐம்பது அடிக்குக் குறைந்தால் அந்தக் கிணற்று நீரைக் குடிக்க வேண்டாம். குழாய் நீர் இணைப்பு இருக்கிறதா, இல்லையெனில் பிரதான குழாய் அந்த ஒழுங்கை வரை வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இவை சரியாக இருந்தால் பழைய வீட்டையே வாங்குங்கள். மாங்கன்றுக்கு ஒரு மூலை அங்கேயும் கிடைக்கும்.

கேள்வி: எங்கள் வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது. காணி என் கணவரின் பெயரில் உள்ள பேர்மிட் காணி. கணவர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வெளிநாட்டில் இருக்கும் இளைய மகன் பணம் அனுப்பி, பின்பக்கத்தில் இரண்டு அறைகளும் ஒரு குசினியும் கட்டச் சொல்கிறான். மூத்த மகள் திருமணமாகி அருகிலேயே இருக்கிறாள். கட்டுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கனகபுரம், கிளிநொச்சி

பதில்: அம்மா, கல்லும் சீமெந்தும் இறக்குவதற்கு முன்னர் கரைச்சிப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போய்வாருங்கள். கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரம், உங்கள் விவாகப் பதிவு, அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள்.

பேர்மிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தில் பெற்ற அரச காணி, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படுவது. அது உறுதிக் காணியைப் போல எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகப் பிரிவதில்லை. கணவர் உங்களைப் பின்னுரித்தாளராகக் குறித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், மனைவி என்ற முறையில் உங்கள் வாழ்நாள் முழுவதும் அந்தக் காணியில் இருக்கவும் அதை அனுபவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை விற்கவோ வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ உங்களால் முடியாது. உங்களுக்குப் பின்னர் அது, கணவர் யாரைப் பின்னுரித்தாளராகப் பதிந்திருந்தாரோ அவருக்குப் போகும். எவரையும் பதியாமல் காலமாகியிருந்தால், சட்டத்தின் அட்டவணை சொல்லும் ஒழுங்கில் போகும். முன்னர் அந்த ஒழுங்கில் ஆண்பிள்ளைகளே முன் நின்றார்கள். 2022 இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. உங்கள் குடும்பத்துக்கு இதன் பொருள் என்னவென்றால், இளைய மகனின் பணத்தில் எழும் அறைகள் நாளை மூத்த மகளுக்கு உரியதாகும் காணியில் எழக்கூடும்.

அது தவறென்று நான் சொல்லவில்லை. தம்பியின் உழைப்பு அக்காவின் பிள்ளைகளுக்கு நிழலாவது எங்கள் குடும்பங்களில் புதிதன்று. ஆனால் இருவரும் அதை இன்றே அறிந்திருக்க வேண்டும். செயலகத்துப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்த பின்னர், பிள்ளைகள் இருவரையும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் வைத்துக்கொண்டு, அதை வாசித்துக் காட்டுங்கள். பின்னர் பேசித் தீர்மானியுங்கள். சுவர் எழும்பிய பின்னர் தெரியவரும் செய்தி கூடப் பிறந்தவர்களைப் பிரித்துவிடும். அப்படிப் பிரிந்த குடும்பங்களிலிருந்து எமக்கு வரும் கடிதங்கள் கொஞ்சமல்ல.

கட்டட வேலையைப் பற்றி ஓரிரு சொற்கள். அந்தத் திட்டத்தின் வீடுகள் ஏறக்குறைய 550 சதுர அடியில், ஒரு மாடியாக அமைக்கப்பட்டவை. மேலே ஒரு தளம் ஏற்றலாம் என்று எவர் சொன்னாலும் கேட்க வேண்டாம். பின்பக்கத்தில் தனி அத்திவாரம் இட்டு எழுப்புங்கள். பிரதேச சபையில் வரைபட அனுமதி பெறுங்கள். பழைய கூரையின் நீரும் புதிய கூரையின் நீரும் சந்திக்கும் இடத்தில்தான் பெரும்பாலான ஒழுக்குகள் தொடங்குகின்றன. மேசனாரிடம் அந்தப் பீலியை அகலமாக வைக்கச் சொல்லுங்கள். புதிய குசினியின் கழிவுநீர் கிணற்றுப் பக்கம் போகாமல் வாழைப் பாத்திக்குப் போகட்டும்.

கேள்வி: எங்கள் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலில் வெள்ளையாகப் படிகிறது. சிறுநீரக நோய் வந்துவிடும் என்று அயலவர்கள் பயப்படுத்துகிறார்கள். சிலர் குழாய்க்கிணறு தோண்டச் சொல்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பம். என்ன செய்வது?
– வாசகி, வேப்பங்குளம், வவுனியா

பதில்: கேத்தலில் படிவது பெரும்பாலும் கல்சியம் உப்பு. நீரின் கடினத்தன்மையே அதற்குக் காரணம்; எங்கள் பாறை நிலத்தில் ஊறும் நீருக்கு அது இயல்பு. அந்தப் படிவைக் கண்டவுடன் நோயைக் கண்டதாக எண்ண வேண்டாம். அதே வேளையில் உங்கள் அயலவர்களின் அச்சம் வெறும் வதந்தியுமன்று. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில், குறிப்பாகச் செட்டிகுளப் பக்கத்தில், நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ இல்லாத கமக்காரர்களுக்கும் சிறுநீரக நோய் ஏற்படுகிறது. அதன் காரணம் இதுதான் என்று ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்து நிறுவவில்லை. குடிநீர் பலமாகச் சந்தேகிக்கப்படுகிறது. ஆகவே ஊகத்தில் வாழாமல் நீரைச் சோதித்துப் பாருங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் முறைப்படி போத்தலில் நீர் எடுத்துக் கொடுங்கள். கடினத்தன்மை, புளோரைட்டு, நைத்திரேற்று, கோலிபோம் கிருமிகள் ஆகிய நான்கையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். புளோரைட்டு ஒரு லீற்றரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பிள்ளைகளின் பற்களில் மங்கிய கோடுகளோ கபிலப் புள்ளிகளோ இருந்தால் அதையும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; புளோரைட்டு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குழாய்க்கிணறும் இதற்கு மருந்தாகாது. ஆழத்துப் பாறையில் அதிக காலம் தங்கிய நீரில் உப்புகள் கூடுதலாக இருப்பதே பெரும்பாலும் நடக்கிறது. பெரும் பணத்தைத் துளையில் போடுமுன் பக்கத்துக் குழாய்க்கிணற்று நீரைச் சோதித்துப் பாருங்கள்.

உங்கள் தலைக்கு மேல் விழுகின்ற நீரை ஏன் நினைக்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். 550 சதுர அடிக் கூரை 51 சதுர மீற்றர். சிந்தியதும் ஆவியானதும் போக ஐந்தில் நான்கு பங்கு சேர்கிறது என்று வைத்தால், 100 மில்லிமீற்றர் மழையில் ஏறக்குறைய 4,000 லீற்றர் கிடைக்கும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வன்னியில் பெய்யும் மழை இதைப் போலப் பல மடங்கு. 8,000 லீற்றர் கொள்ளும் ஒரு சீமெந்துத் தாங்கி கார்த்திகை முடியுமுன் நிறைந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு ஐந்து லீற்றர் வீதம் உங்கள் ஐவருக்கும் நாளொன்றுக்கு 25 லீற்றர் எடுத்தால், அந்தத் தாங்கி 320 நாட்களுக்குப் போதும். அதாவது அடுத்த மாரி வரை. பருவத்தின் முதல் மழை கூரையின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும். அதைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள். தாங்கியின் வாயை நுண்வலையால் மூடாவிட்டால் நுளம்பு பெருகி டெங்கு வரும். குடிக்கும் நீரை வடித்துக் கொதிக்க வையுங்கள். இந்த நீருக்குக் கொதிக்க வைத்தலே போதும். கிணற்று நீர் குளிக்கவும் தோய்க்கவும் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் ஒழுங்கையில் தெருவிளக்கும் இல்லை, வடிகாலும் இல்லை. ஒவ்வோர் அலுவலகமும் அடுத்த அலுவலகத்தைக் காட்டுகிறது. உண்மையில் யாருக்கு எழுத வேண்டும்?
– வாசகர், நெளுக்குளம்

பதில்: வீதி யாருடையது என்பதை அறிந்தால் கடிதம் சரியான மேசைக்குப் போகும். ஏ தர வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை பொறுப்பு. மாகாண வீதிகளுக்கு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள் ஒழுங்கைகளும் அவற்றின் விளக்குகளும் உங்கள் உள்ளூராட்சிச் சபைக்கு உரியவை. மின்கம்பத்தில் எழுதப்பட்டுள்ள இலக்கத்தைக் குறித்து எழுதினால் விளக்கு விரைவில் வரும்.

ஆனால் எழுதுமுன் உங்கள் நில அளவைப் படத்தை எடுத்துப் பாருங்கள். பெரிய காணியைத் துண்டுகளாக்கி விற்கும்போது விட்ட பாதையைச் சபைக்கு எழுதிக் கொடுக்காமல் விட்டிருந்தால், அது இன்னும் தனியார் பாதையே. அதில் சபை பொதுப் பணத்தைச் செலவிட மாட்டாது. அப்படியானால் ஒழுங்கையில் உள்ள எல்லா வீட்டாரும் முதலில் காணியை விற்றவரைக் கண்டு, பாதையைச் சபையிடம் கையளிக்கச் செய்ய வேண்டும். இனிக் காணி வாங்க இருப்பவர்களும் இதைக் கவனியுங்கள்: படத்தில் பாதையின் அகலமும், அது சபையால் ஏற்கப்பட்டதா என்பதும் தெளிவாக இல்லாத துண்டை வாங்காதீர்கள்.

கேள்வி: பரந்தன் பக்கத்தில், போருக்குப் பின் எவரும் குடியிருக்காமல் பற்றையாகிக் கிடக்கும் காணியை வாங்க எண்ணுகிறேன். துப்புரவாக்குவதில் ஏதும் ஆபத்து உண்டா?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: உண்டு. காணி கண்ணிவெடி அகற்றப்பட்டு விடுவிக்கப்பட்ட பகுதிக்குள் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். விடுவிக்கப்பட்ட நிலத்திலும் வெடிக்காத எறிகணை மண்ணுக்கடியில் இருக்கலாம். பற்றைக்குத் தீ வைக்க வேண்டாம். அத்திவாரமோ கிணறோ வெட்டும்போது துருப்பிடித்த உலோகம் எதுவும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, இடத்தைக் கொடியால் அடையாளமிட்டுப் பொலிசாருக்கு அறிவியுங்கள். கூலிக்கு வருபவர்களுக்கு இதை வேலை தொடங்குமுன் சொல்ல வேண்டிய கடமை காணிக்காரருடையது.

கேள்வி: நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு அறை. மாலையில் தொலைக்காட்சிச் சத்தம். அருகில் சனசமூக நிலையம் இருக்கிறது. ஆனால் எப்போதும் பூட்டியே கிடக்கிறது. ஊரில் பாடசாலை, வைத்தியசாலை, கடை எல்லாம் இருக்கிறபடியால் இதைக் கேட்பது பெரிய விடயமா என்று தெரியவில்லை.
– மாணவி, உதயநகர், கிளிநொச்சி

பதில்: பெரிய விடயந்தான் மகளே. ஓர் அறை வீட்டுக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் ஒரு வாசிப்பு மேசை, அந்த வீட்டுக்கு இன்னோர் அறை. நீ கேட்டது இந்த இதழுக்கு வந்த கேள்விகளிலேயே மிகக் குறைந்த செலவில் தீர்க்கக்கூடியது. அதனால்தான் இத்தனை காலம் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லையோ என்று வருந்துகிறேன். எங்கள் ஊர்களில் சனசமூக நிலையம் என்பது பத்திரிகை வாசிக்கும் வாங்கிலும் வானொலிப் பெட்டியிலும் தொடங்கியது. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, முன்பள்ளி, இரத்ததானம், வெள்ள காலத்தில் சமைத்துக் கொடுக்கும் குசினி என்று ஒரே கட்டடம் ஊருக்குப் பத்து வேலை செய்தது. இன்று பல இடங்களில் ஆண்டு விளையாட்டுப் போட்டியன்று மட்டும் அதன் கதவு திறக்கப்படுகிறது.

நிலையம் பதிவு பெற்றதாயின் அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் இருக்க வேண்டும்; ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்திருக்க வேண்டும். அவர்கள் யார் என்பதைக் கிராம அலுவலரிடம் உன் தாயாரோ தந்தையாரோ கேட்டறியட்டும். உன்னைப் போல அந்தத் தரத்தில் படிப்பவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, பெற்றோரின் கையொப்பத்துடன், மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை திறந்து தரும்படி செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். சாவியைப் பொறுப்பேற்று, நேரத்துக்குத் திறந்து பூட்டி, நீங்கள் வீடு திரும்பும் வரை உடன் இருக்கக்கூடிய பெரியவர் ஒருவரின் பெயரையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் கதவு பூட்டியிருப்பதற்குக் காரணம் திறந்து வைத்திருக்க ஆளில்லாமையே. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உங்கள் நகரில் நிச்சயம் இருப்பார். மின்கட்டணம் நிலுவையாகி இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தால் அதைத் தனிக் கடிதமாகப் பிரதேச சபைக்கு எழுதுங்கள். இரண்டையும் ஒன்றில் கலக்க வேண்டாம். இரு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால் கடிதத்தின் பிரதியை எமக்கு அனுப்பிவை. அடுத்த இதழில் இதே பக்கத்தில் அதை வெளியிடுவோம்.